அந்தப் பையனுக்கு என்ன வேலை கொடுத்தீர்கள்?

பயிற்சிக்கு வந்த மாணவன் தொழிற்சாலையில் போன் பார்க்கிறான் என்று ஒரு மேலாளர் கேலியாகப் பதிவிட்ட அந்தப் படத்தை நானும் பார்த்தேன். நேற்றிலிருந்து நான்கு பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருவன் என் வகுப்பு நண்பன், "உன்னை மாதிரியே இருக்கான்டா" என்ற குறிப்போடு. நான் இல்லை. ஆனால் நானாக இருந்திருக்கலாம். அதனால்தான் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பார்க்காதவர்கள் யாரும் இருக்க மாட்டீர்கள். பயிற்சிக்கு வந்த மாணவன், ஷாப் ஃப்ளோர் ஓரத்தில் ஸ்டூல், கையில் போன், குனிந்த தலை. மேலே "நாளைய இன்ஜினியர்" என்று ஒரு வரி, பக்கத்தில் கைகூப்பும் பொம்மை. படம் எடுத்தவர் அனுபவம் மிக்க மேலாளராம். அனுபவம் மிக்கவருக்கு ஒரு இருபது வயதுப் பையனின் முகத்தை மறைத்துவிட்டுப் படம் போட வேண்டும் என்று தோன்றவில்லை. சரி, அதை விடுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். அன்று காலை அந்தப் பையன் உள்ளே வந்தபோது அவனுக்கு என்ன வேலை கொடுத்தீர்கள்?

பதிவு முழுக்கத் தேடினேன். இந்தத் தலைமுறையைப் பற்றி இருக்கிறது, போன் மோகத்தைப் பற்றி இருக்கிறது, "எங்கள் காலத்தில்" இரண்டு இடத்தில் வருகிறது. அவனுக்குக் கொடுத்த வேலை என்ன, அதை அவன் செய்யாமல் விட்டானா என்பது மட்டும் எங்கும் இல்லை. கீழே சிரித்தவர்கள் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.

நான் பயிற்சிக்குப் போன இடத்தில் எனக்கு ஆறு வாரம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், இன்பாக்ஸில் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். முதல் நாள் பாதுகாப்பு ஷூ, கண்ணாடி, "எதையும் தொடாதே" என்ற அறிவுரை மூன்றும் கிடைத்தன. அடுத்த ஒன்பது நாள் ஸ்டோரில் பழைய இன்செர்ட் (உலோகம் வெட்டும் சின்ன முனைகள்) பெட்டிகளை எண்ணி ஒரு நோட்டில் எழுதினேன். எண்ணி முடித்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் கணக்கு ஏற்கெனவே கணினியில் இருக்கிறது. யாரோ என்னை எங்காவது உட்கார வைக்க வேண்டியிருந்திருக்கிறது, அவ்வளவுதான். பிறகு லைனுக்கு அனுப்பினார்கள். அங்கே என் வேலையின் பெயர் "கவனித்தல்". என் லாக் புக்கைப் புரட்டினால் சிரிப்பு வரும். சிஎன்சி லேத்தின் (கணினி கட்டளைப்படி உலோகத்தைக் கடையும் இயந்திரம்) இயக்கத்தைக் கவனித்தேன். தரப் பரிசோதனையைக் கவனித்தேன். டூல் மாற்றுவதைக் கவனித்தேன். 36 நாளில் 22 நாள் "கவனித்தேன்" என்றுதான் முடிகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் கீழே கையெழுத்து வேறு. போட்டவர் ஒரு பக்கத்தையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆமாம், நானும் போன் பார்த்தேன். மறைக்கப் போவதில்லை. சில நாள் டிராயிங்கில் எழுதியிருக்கும் குறியீடுகளுக்கு அர்த்தம் தேடினேன். சில நாள் வெறும் ரீல்ஸ்தான். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே ஓர் இயந்திரத்தின் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்து பாருங்கள், நீங்களும் போனை எடுப்பீர்கள். கதவுக்குள்ளே கூலன்ட், அதாவது குளிரூட்டும் திரவம், அடிப்பதில் உள்ளே நடப்பது ஒன்றும் சரியாகத் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு தண்டு விஷயத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஆறு வாரத்தில் நான் செய்த ஒரே வேலை அதுதான்.

நான்காவது வாரம். 50 மி.மீ. விட்டமுள்ள ஸ்டீல் தண்டு, டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கப்பட்ட வித்தியாசம்) h6. அதாவது விட்டம் 50.000-ஐத் தாண்டக் கூடாது, 49.984-க்குக் கீழே போகவும் கூடாது. இடையில் 16 மைக்ரான்தான், ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இயந்திரத்தடியில் அளந்தால் 49.992, பிசகாமல் நடுவில் நிற்கும். அதே தண்டு தர அறைக்குப் போனால் ரிஜெக்ட் என்று திரும்பி வரும். இரண்டு நாளாகச் சண்டை. தர அறை ஆட்கள் ஆபரேட்டரின் அளவுக் கருவியான மைக்ரோமீட்டரைக் குறை சொல்ல, ஆபரேட்டர் அவர்கள் கண்ணைக் குறை சொல்ல, நடுவில் தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் நடந்தது நான். மைக்ரோமீட்டரை கேஜ் பிளாக் (அளவு துல்லியமாகத் தெரிந்த கட்டை) வைத்துச் சரிபார்த்தார்கள். அது சரியாகத்தான் இருந்தது.

அந்த ஆபரேட்டர் அண்ணன்தான் கூப்பிட்டார். "தம்பி, இங்க வா. இந்த ஜாபைத் தொட்டுப் பார். இப்போ தர ரூம்ல இருந்து திரும்பி வந்திருக்கே, அதையும் தொட்டுப் பார்." ஜாப் என்றது தண்டைத்தான். இயந்திரத்திலிருந்து வந்தது கைக்கு இதமான சூட்டைத் தாண்டியிருந்தது, தர அறையிலிருந்து வந்தது சில்லென்று இருந்தது. அந்த வாரம் கூலன்ட் குழாயில் சீவிய உலோகச் சுருள் அடைத்து ஒழுங்காக வரவில்லை, ஜாப் சூடாகவே வெளியே வந்துகொண்டிருந்தது. அண்ணனுக்கு அனுபவத்தில் சந்தேகம் இருந்தது. "நீ படிச்சவன்தானே, ஆறினா இது எவ்வளவு சுருங்கும்னு கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார்.

எனக்கு அந்தக் கணம் இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. நான்கு வாரத்தில் முதல்முறையாக ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார்.

இரண்டாம் ஆண்டில் படித்த பாடம்தான். ஒரு மீட்டர் ஸ்டீல் ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 11.5 மைக்ரான் நீளும். அளவெடுப்பதற்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி, தர அறையின் ஏசி அதற்காகத்தான் ஓடுகிறது. ஜாபுக்கும் அறைக்கும் 30 டிகிரி வித்தியாசம். 50 மி.மீ.க்குப் பெருக்கிப் பார்த்தால் 17 மைக்ரான் சொச்சம். டாலரன்ஸ் முழுவதும் சேர்த்தே 16 மைக்ரான்! இயந்திரத்தடியில் 49.992 காட்டிய தண்டு ஆறிய பிறகு 49.975-க்கு வந்து நிற்கும். கீழ் எல்லைக்கு 9 மைக்ரான் கீழே. இந்தச் சூத்திரத்தைப் பரீட்சையில் இரண்டு முறை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஒரு தண்டை இப்படிக் குப்பைத் தொட்டிக்கு அனுப்பும் என்று ஒரு முறையும் தோன்றியதில்லை.

அண்ணன் விடவில்லை. "காகிதத்துல போட்டா போதுமா? அளந்து காட்டு." இருபது தண்டு எடுத்தோம். வெளியே வந்ததும் ஓர் அளவு, ஒரு மணி நேரம் ஆறவிட்டு இன்னோர் அளவு. வரைபடத் தாளில் புள்ளி வைத்தேன். இருபதும் ஒரே பக்கம் சரிந்திருந்தன. அன்று இயந்திரத்தின் ஒரு பொத்தானையும் நான் தொடவில்லை என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இங்கேதான் சிலர் வருவார்கள். "பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறதே, மாணவர்களை இயந்திரத்தில் விட்டால் விரல் போனால் யார் பொறுப்பு?" நியாயம். எனக்கும் விரல்கள் வேண்டும். முதல் வாரம் கையுறையோடு பழைய லேத் பக்கம் போனபோது இதே அண்ணன்தான் அதட்டிக் கழற்றச் சொன்னார், ஜாபைப் பிடித்துச் சுழலும் சக்கில் கையுறை மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும் என்று. அது பாதுகாப்பு. ஆனால் டிராயிங் படிக்கக் கொடுப்பதில் எந்த விரல் போகும்? ரிஜெக்ட் ஆன பத்து ஜாபை மேசையில் போட்டு, ஏன் போச்சு என்று கண்டுபிடி எனச் சொல்வதில் என்ன ஆபத்து? பாதுகாப்பைக் காரணம் காட்டி மூளைக்கும் சேர்த்துத்தான் பூட்டுப் போடுகிறீர்கள்.

"எங்களுக்கு டார்கெட் இருக்கிறது, பாடம் நடத்த நேரமில்லை." இருக்கலாம். அப்படியானால் மாணவர்களை எடுக்காதீர்கள். எடுத்துவிட்டு, ஆண்டறிக்கையில் எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்று எண்ணிக்கையும் காட்டிவிட்டு, நேரமில்லை என்றால் எப்படி?

"தொழில் ரகசியம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஸ்டோரில் நான் எண்ணிய காலிப் பெட்டிகளின் ரகசியத்தை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன் ஐயா.

சோம்பேறி மாணவர்களும் இருக்கிறார்கள்தான். சோம்பேறி மேலாளர்களும் இருக்கிறார்கள், அவர்களை யாரும் படம் எடுப்பதில்லை.

எல்லாவற்றையும்விட எரிச்சல் தருவது இன்னொன்று. "நீயாகப் போய்க் கேட்க வேண்டும், முன்முயற்சி வேண்டும், யாரும் ஊட்டிவிட மாட்டார்கள்." இதைச் சொல்லாதவர் இல்லை. எங்கள் பேராசிரியரே சொன்னார். கேட்டேனே! முதல் வாரம் கேட்டேன், "முதலில் கவனி" என்றார் எனக்குப் பொறுப்பான இன்ஜினியர். இரண்டாம் வாரம் கேட்டேன், "நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். மூன்றாம் வாரம் அவர் அறை வாசலில் நாற்பது நிமிடம் நின்றேன். வெளியே வந்தவர் என்னைத் தாண்டிப் போனார், பிறகு திரும்பி, "நீ எந்த டிபார்ட்மென்ட்?" என்றார். மூன்று வாரமாக என் லாக் புக்கில் கையெழுத்துப் போடுபவர் அவர்தான். நான்காவது முறை கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. அதை முன்முயற்சி இல்லாமை என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அதற்கு வேறு பெயர் இருக்கிறது, பொதுவெளியில் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

மாணவர்களைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் இந்தப் பழக்கம் எங்கிருந்துதான் வந்தது என்று ஒரு நாள் தேடினேன் (ஸ்டூலில் உட்கார்ந்து, போனில்தான்). 1906-ல் அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 27 மாணவர்களோடு ஆரம்பித்திருக்கிறார். ஒரு வாரம் வகுப்பு, அடுத்த வாரம் தொழிற்சாலை, இப்படி மாறி மாறி. பட்டறையை வகுப்பறைக்குள் கொண்டுவர முடியாது, எனவே மாணவன் பட்டறைக்குப் போகட்டும் என்பது அவர் கணக்கு. அந்த மாணவர்கள் போனது வேலைக்கு, சம்பளத்தோடு. 1957-ல் தொடங்கிய கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் தன் படிப்பையே இந்த முறையில்தான் கட்டியது. நூறு வருடத்துக்கு மேல் ஓடுகிற ஒரு ஏற்பாடு இது. அதில் நமக்கு வந்து சேர்ந்தது ஸ்டூல் மட்டும்.

சம்பளத்தைப் பற்றிப் பேசவே நான் வரவில்லை. எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வேலையைத்தான் கேட்டேன். காசு இல்லாமல் வேலை செய்கிறேன் என்று வந்து நிற்பவனுக்கு வேலையும் இல்லை என்றால் அவன் எதற்காக அங்கே இருக்கிறான்?

சரி, அந்த வரைபடம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அண்ணன் அதை இன்ஜினியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். "தம்பிதான் போட்டது" என்று சொல்லித்தான் கொடுத்தார், பக்கத்தில் நான் நின்றேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார், மடித்துப் பையில் வைத்தார். கூலன்ட் குழாயைச் சுத்தம் செய்தார்கள். ஜாபை ஆறவிட்டு அளக்க வேண்டும் என்று இயந்திரத்தில் ஒரு தாள் ஒட்டினார்கள். இரண்டு நாள் கழித்துக் காலைக் கூட்டத்தில் என் தாள் கணினியில் அழகாகத் திரும்ப வரையப்பட்டு, திரையில் வந்தது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். பயிற்சி மாணவர்களுக்குக் கூட்டத்தில் இடமில்லை என்று என்னை வெளியே நிற்கச் சொல்லியிருந்தார்கள். அதனால் அதையும் கவனித்தேன். அன்றைய லாக் புக்கிலும் அப்படித்தான் எழுதினேன். கையெழுத்து விழுந்தது.

என் பெயர் வரவேண்டும் என்றெல்லாம் இல்லை. இல்லை, பொய் சொல்கிறேன், வந்திருக்க வேண்டும். ஒரு மூலையில் சின்ன எழுத்தில் போட்டிருந்தாலும் அந்த ஆறு வாரமும் எனக்கு வேறு மாதிரி இருந்திருக்கும்.

கடைசி நாள் மதிப்பீட்டுப் படிவம் கொடுத்தார்கள். நேரம் தவறாமை 5-க்கு 5. ஒழுக்கம் 5. முன்முயற்சி 2. குறிப்பு: "ஆர்வம் இன்னும் தேவை." அதை வாங்கிக்கொண்டு "தேங்க்யூ சார்" என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். எனக்கே என் மேல் கோபம் வந்தது, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு.

அதனால் அந்தப் படத்தைப் பார்த்து என்னால் சிரிக்க முடியவில்லை. அந்தப் பையனை எனக்குத் தெரியாது. அவன் உண்மையிலேயே விளையாடிக்கொண்டிருந்திருக்கலாம், இருக்கட்டும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அவனுக்குப் பின்னால் மேசையில் மைக்ரோமீட்டர் பெட்டி ஒன்று மூடிக் கிடக்கிறது. படம் எடுக்க அவ்வளவு கிட்டே போனவர், இன்னும் இரண்டு அடி நடந்து அதைத் திறந்து அவன் கையில் கொடுத்திருக்கலாமே. போனைப் பையிலிருந்து எடுத்துக் கோணம் பார்ப்பதற்கு ஆன நேரம்தான் அதற்கும் ஆகும்.

இதைப் படித்துவிட்டு "வேலைக்குச் சேர்ந்து பார், அப்போது புரியும்" என்று எழுதப் போகிறவர்களுக்கு: எழுதுங்கள், படிக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் உங்களிடம் கடைசியாகப் பயிற்சிக்கு வந்த மாணவனுக்கு என்ன வேலை கொடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுதுங்கள்.

திங்கட்கிழமை அந்தப் படிவத்தைக் கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும். அடியில் "மாணவரின் கருத்து" என்று ஒரு பகுதி இருக்கிறது, அது இன்னும் காலியாகவே கிடக்கிறது. இரண்டு வரிக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள்.