அடுத்த தடவை ஸ்கூல் வரிக்கு நோ போடுவேங்கறவங்களுக்கு

அமெரிக்கால ஃப்ளோரிடாவுல டாம்பா பக்கம் வீடு வாங்கியிருக்க நம்ம ஆளுங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். 2024 நவம்பர்ல ஹில்ஸ்பரோ கவுண்டில ஸ்கூலுக்குன்னு பாஸ் ஆன ஒரு மில் சொத்து வரி நாலு வருஷத்துக்குத்தான், மறுபடி ஓட்டுக்கு வரணும், அதுக்குள்ளயே "சார்ட்டர் ஸ்கூலுக்கும் பங்கு போகுதாம்ல, அடுத்த தடவை நோ தான்"னு பேசறாங்க.

ஒரு மில்லுனா வரி போடற மதிப்புல ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர். வீட்டு மதிப்பு நாலு லட்சம்னா சொந்த வீட்லயே குடியிருக்கவங்களுக்கு குடுக்கற ஹோம்ஸ்டெட் கழிவு 25,000 போக வருஷத்துக்கு 375 டாலர். சின்ன காசு இல்லதான். ஆனா 2022 ஆகஸ்ட்ல இதே வரி இங்க ஆயிரம் ஓட்டுக்கும் கம்மியான வித்தியாசத்துல தோத்துச்சு, அதே நாள் பக்கத்து பாஸ்கோ கவுண்டில ஜெயிச்சுது, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்க பினெல்லஸ் கவுண்டில 2004லயே இந்த மாதிரி வரிய ஜெயிக்க வச்சுட்டாங்க. பாலத்த தாண்டினா சம்பளம் கூடன்னா எந்த டீச்சர் இங்க தங்குவாங்க சொல்லுங்க?

சார்ட்டர் விஷயத்துக்கு வரேன். அதுவும் ஃபீஸ் இல்லாத, அரசு காசுல ஓடற ஸ்கூல்தான், நடத்தறது மட்டும் வேற ஆளுங்க. 2018ல பாம் பீச் கவுண்டில சார்ட்டருக்கு கிடையாதுன்னு எழுதியே வரிய பாஸ் பண்ணாங்க, சார்ட்டர்காரங்க கோர்ட்டுக்கு போனாங்க, 2019ல ஃப்ளோரிடா சட்டமே மாறி இனிமே இந்த மாதிரி ஓட்டெடுப்புல (ரெஃபரெண்டம்) பாஸ் ஆகற வரிக் காசுல புள்ளைங்க எண்ணிக்கைப்படி அவங்களுக்கும் பங்கு குடுக்கணும்னு ஆயிடுச்சு. எனக்கு அதுல வருத்தம் இல்ல, அங்க படிக்கறதும் இந்த ஊர் புள்ளைங்கதான். என் கோபமெல்லாம் லாபத்துக்கு நடத்தற மேனேஜ்மென்ட் கம்பெனிங்க மேலதான், நம்ம வரிக்காசு கிளாஸுக்கு எவ்வளவு போச்சு, கட்டட வாடகைக்கு எவ்வளவு போச்சுன்னு அவங்க பைசா சுத்தமா காட்டணும், ஸ்கூல் போர்டு மீட்டிங்ல போய் நின்னு கேளுங்க, நானும் வரேன். அத விட்டுட்டு வரியவே தோக்கடிச்சா அடி வாங்கறது பெரும்பாலான புள்ளைங்க படிக்கற சாதாரண பப்ளிக் ஸ்கூல்தான்.

எச்1பில இருக்கவங்களும் க்ரீன் கார்டுக்காரங்களும் இந்த வரிய கட்டறாங்க, வாடகை வீட்ல இருந்தா வாடகைலயே அது சேந்து போகுது, ஆனா அவங்களுக்கு ஓட்டு கிடையாது. சிட்டிசன் ஆனவங்களுக்குத்தான் உண்டு. 2022 சட்டப்படி இந்த கேள்விய பொதுத்தேர்தல்லதான் வைக்க முடியும், அதனால பெரிய பதவிங்க, ஜட்ஜுங்க, அமெண்ட்மென்ட்டுன்னு நீளமா போற பேலட்ல இது எங்கயோ கடைசில கிடக்கும். மேல உள்ளத மட்டும் நிரப்பிட்டு வராதீங்க, பேப்பர திருப்பியும் பாருங்க.