பிரிவு எண் தெரிகிறது, தேதி கேட்கத் தெரியவில்லை

போன மாதம் ஒரு பெரியவர், வங்கியில் திரும்பிய காசோலையோடு அலுவலகத்துக்கு வந்தார். வக்கீலாகப் பதிவு செய்து நான்கு மாதமான ஜூனியரிடம் "நீங்களே பேசுங்கள் தம்பி" என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு அவர் வாயில் மழையாகப் பொழிந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, காசோலைத் தொகையில் இரு மடங்கு வரை அபராதம், எல்லாம் சரி. காசோலை திரும்பிய தகவல் கைக்கு என்றைக்கு வந்தது என்று மட்டும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். பெரியவர் மஞ்சள் பையைத் துழாவி, காசோலை திரும்பியதாக வங்கி கொடுத்த மெமோவை எடுத்தார். 34 நாள் ஆகியிருந்தது. காசோலை கொடுத்தவருக்குப் பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப 30 நாள்தான். வழக்குத் தாக்கல் செய்வதில் தாமதமானால் மன்னிப்புக் கேட்க வழியுண்டு; நோட்டீஸ் தாமதத்துக்கு அது இல்லை. நல்லவேளையாகக் காசோலையின் மூன்று மாத ஆயுள் முடியவில்லை. மறுபடி வங்கியில் போட்டு, திரும்பினால் அதை வைத்து வழக்குத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் சொல்லியிருக்கிறது.

ஜூனியரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சட்டக் கல்லூரியில் ஐந்து ஆண்டும் அவரை மனப்பாடம்தான் செய்ய வைத்திருக்கிறார்கள். அந்த மனப்பாடத்தின் மதிப்பு என்ன என்பதை 2024 ஜூலை 1 காட்டிவிட்டது. 1860-இன் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 511 பிரிவுகள் 358 ஆயின. கொலைக்கான 302, 103 ஆகிவிட்டது. மோசடிக்கான 420, இப்போது 318. (ஆளைப் பார்த்து 420 என்று திட்டுவதை மட்டும் எந்த நாடாளுமன்றத்தாலும் திருத்த முடியாது.)

மாதிரி நீதிமன்றப் போட்டிகளில் கோப்பை வாங்கியவர்களும் என்னிடம் வருகிறார்கள். அங்கே சங்கதிகளை அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இங்கே கட்சிக்காரர் கதையை நடுவிலிருந்து தொடங்குவார், மைத்துனர் கல்யாணத்துக்குப் போவார், தனக்குப் பாதகமானதை விழுங்கிவிடுவார். அதிலிருந்து தேதிவாரியாக ஒரு பக்கம் எழுதி எடுப்பதுதான் வக்கீலின் முதல் வேலை. அதற்கு எந்தக் கல்லூரியில் மதிப்பெண் போடுகிறார்கள்?

அடுத்து, பத்திரம் படிப்பது. சொத்துரிமைச் சட்டத்தில் தேறியவரிடம் பழைய கிரயப் பத்திரம் ஒன்றைக் கொடுத்துச் செக்குபந்தியை, அதாவது நிலத்தின் நான்கு எல்லைகளை, வரையச் சொல்லுங்கள். "முருகன் நிலத்துக்கு மேற்கு" என்றிருந்தால், முருகன் நிலத்தை மேற்கே வரைந்து வைப்பார். முருகன் இருப்பது கிழக்கே. அவருக்கு மேற்கே இருப்பது நம் நிலம். இந்த ஒரு சறுக்கலில் தடை கேட்கும் உறுத்துக்கட்டளை மனுவே பக்கத்து வீட்டுக்காரருக்குச் சாதகமாகப் போய்விடும். பட்டா மட்டும் உரிமையை நிரூபிக்காது. வில்லங்கச் சான்றில் பதிவாகாத உயில் வராது. இதையெல்லாம் குமாஸ்தாவிடம்தான் பிள்ளைகள் கற்கிறார்கள்.

தமிழ் எழுதும் திறனைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ். சாட்சி தமிழில் பேசுகிறார். "கொடுத்தேன்" என்பதற்கும் "கொடுத்து வைத்தேன்" என்பதற்கும் இடையில் ஒரு வழக்கே இருக்கிறது. கடனா, நம்பி ஒப்படைத்ததா? முதல் வரைவையே ஆங்கிலத்தில் யோசிக்கிறவருக்கு அந்த வித்தியாசம் கண்ணில் படுவதில்லை.

சென்ற வாரம் அதே பெரியவர், காசோலையை மறுபடி வங்கியில் போடும் முன் வந்தார். இம்முறை ஜூனியர் நோட்டை விரித்து, கடன் கொடுத்த நாளிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கடைசியில், "காசோலை வாங்கிய பிறகு அவர் ஏதாவது பணம் கொடுத்தாரா ஐயா?" என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாதிப் பணம் வந்ததைக் காசோலையில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் போட்டால் 138 நிற்காது என்பது 2022 தீர்ப்பு. முதல் நாள் நானும் அதைக் கேட்க மறந்திருந்தேன்.

"பத்தாயிரம் மட்டும் கொடுத்தார்," என்றார் பெரியவர். "அதையுமா சொல்ல வேண்டும்?"