ஹால் கட்டிலும் அஸ்டெகா ஸ்டேடியமும்

(2026-ம் வருடம், ஓர் இரவு. ஹாலில் டிவிக்கு எதிரே உள்ள கட்டிலில் மாமனார் படுத்திருக்கிறார். மருமகன் இரண்டு முறை அந்தப் பக்கம் போய்விட்டு, மூன்றாவது முறை நிற்கிறார்.)

மாப்பிள்ளை: மாமா, தூங்கிட்டீங்களா?

மாமா: தூங்கிட்டேன் மாப்பிள்ளை. சொல்லுங்க.

மாப்பிள்ளை: ஒண்ணுமில்ல மாமா. ஜூன் 11-ம் தேதி ராத்திரி ஒரு நாள் மட்டும் நீங்க உள் ரூம்ல படுத்துக்க முடியுமா?

மாமா: ஏன், ஹாலுக்கு என்ன?

மாப்பிள்ளை: ஹாலுக்கு ஒண்ணுமில்ல. ஹால்லதானே டிவி இருக்கு. உலகக் கோப்பை ஃபுட்பால் ஆரம்பிக்குது மாமா. முதல் மேட்ச், மெக்சிகோவும் தென்னாப்பிரிக்காவும். மெக்சிகோ சிட்டியில அங்க பகல் ஒரு மணிக்கு ஆடறாங்க. நமக்கு நடுராத்திரி ஆயிடும்.

மாமா: அவங்க பகல்ல ஆடறதுக்கு நான் ராத்திரியில பாயைச் சுருட்டணும்.

மாப்பிள்ளை: டிவி சத்தத்தைக் கம்மியா வெச்சுக்கறேன் மாமா.

மாமா: போன தடவையும் டிவி கம்மியாத்தான் வெச்சிருந்தீங்க. கத்தினது டிவி இல்லையே. சரி, அது போகட்டும். முழிச்சிருந்து பாக்கற அளவுக்கு உருப்படியான ஆட்டம்தானா?

மாப்பிள்ளை: என்ன மாமா இப்படிக் கேட்டுட்டீங்க! உலகக் கோப்பைத் தொடக்க ஆட்டம்!

மாமா: தொடக்க ஆட்டம்னா கோலா கொட்டுமோ?

மாப்பிள்ளை: கொட்டும்னு இல்ல... 1966-ல இங்கிலாந்தும் உருகுவேயும் 0-0.

மாமா: சரி.

மாப்பிள்ளை: 1970-ல மெக்சிகோவும் சோவியத் யூனியனும். இப்ப ஆடப்போற அதே அஸ்டெகா ஸ்டேடியத்துல.

மாமா: எத்தனை?

மாப்பிள்ளை: 0-0. 1974-ல பிரேசிலும் யூகோஸ்லாவியாவும்...

மாமா: இருங்க, நானே சொல்றேன். 0-0.

மாப்பிள்ளை: ஆமா. 1978-ல மேற்கு ஜெர்மனி, போலந்து. அதுவும் அப்படித்தான். ஆனா 1982-ல விழுந்துச்சு மாமா! பெல்ஜியம் அர்ஜென்டினாவை 1-0னு சாய்ச்சுட்டாங்க.

மாமா: அறுபத்தாறுலேர்ந்து எண்பத்திரெண்டு. பதினாறு வருஷத்துக்கு ஒரு கோல். எங்க ஆபீஸ்ல பிரமோஷன்கூட அதுக்குள்ள வந்துடும். இதுக்கு நான் கட்டிலைக் காலி பண்ணணுமா?

மாப்பிள்ளை: பயம் மாமா. முதல் மேட்ச்ல தோத்துட்டா மேல போறது கஷ்டம். அதனால ரெண்டு டீமும் மொதல்ல கதவைச் சாத்திக்கிட்டுத்தான் ஆடும். இந்தத் தடவை அவ்வளவு பயம் இருக்காது. 48 டீம், பன்னண்டு குரூப். ஒவ்வொரு குரூப்லயும் முதல் ரெண்டு பேர் மேல போவாங்க. அது போக, மூணாவதா வர்றவங்கள்ல நல்லா ஆடின எட்டு பேரும் போவாங்க.

மாமா: அப்ப யாரைத்தான் வீட்டுக்கு அனுப்புவாங்க?

மாப்பிள்ளை: பதினாறு பேரை.

மாமா: அதுக்கு எத்தனை ஆட்டம்?

மாப்பிள்ளை: (மெதுவாக) அது... குரூப் ஸ்டேஜ்ல மட்டும் 72.

மாமா: ம். பதினாறு பேரை வெளிய அனுப்ப 72 ஆட்டம். நான் ஹெட் கிளார்க்கா இருந்தப்ப ஒரே மெமோல முடிச்சிருப்பேன்.

மாப்பிள்ளை: (உட்கார்ந்துகொண்டு) தொடக்க ஆட்டத்துக்குன்னு ஒரு ருசி இருக்கு மாமா. 1974-லேர்ந்து 2002 வரைக்கும் நடப்பு சாம்பியன்தான் முதல் மேட்ச் ஆடுவாங்க. எட்டு தடவை ஆடினதுல ரெண்டே ரெண்டு தடவைதான் ஜெயிச்சிருக்காங்க. 1990-ல மரடோனா இருந்த அர்ஜென்டினாவை கேமரூன் 1-0ல அடிச்சது. ஆட்டம் முடியறப்ப கேமரூன் பக்கம் ஒன்பதே பேர். ரெண்டு பேருக்கு ரெட் கார்டு.

மாமா: ஆள் குறைஞ்சாத்தான் வேலை ஒழுங்கா நடக்கும்னு எங்க சூப்பரின்டெண்ட்கிட்ட சொன்னேன். கேக்கல.

மாப்பிள்ளை: 2002-ல பிரான்ஸை செனகல் கவுத்தாங்க. சாம்பியன் டீம், அந்த உலகக் கோப்பையில ஒரு கோல்கூடப் போடாம ஊருக்குக் கிளம்பிட்டாங்க. ஆட்டத்தை விடுங்க, தொடக்க விழாவே கூத்துதான். 1994-ல சிகாகோல டயானா ராஸ்னு பெரிய பாடகி. பாடிக்கிட்டே ஓடி வந்து பெனால்டி அடிக்கணும், பந்து உள்ள போனதும் கோல் போஸ்ட் ரெண்டா பிளக்கணும். அதுதான் ஏற்பாடு.

மாமா: அடிச்சாங்களா?

மாப்பிள்ளை: வெளிய அடிச்சாங்க. ஆனா போஸ்ட் பிளந்துடுச்சு.

மாமா: (எழுந்து உட்கார்கிறார்) பந்து படாமயே?

மாப்பிள்ளை: படாமயே.

மாமா: அந்த கான்ட்ராக்டர் நம்ம ஆள்தான். சரி, மெக்சிகோ எப்படி?

மாப்பிள்ளை: சொந்த மண்ணு மாமா. கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். காத்து லேசா இருக்கும், வந்தவனுக்கு அரை மணியில மூச்சு வாங்கும். பந்து வேற நினைச்சதைவிட வேகமாப் பறக்கும். 2-0, மெக்சிகோ. எழுதி வெச்சுக்கங்க.

மாமா: தென்னாப்பிரிக்காக்காரன் கடலுக்கடியில இருந்தா வர்றான்?

மாப்பிள்ளை: இல்ல... ஜோகன்னஸ்பர்க்கே 1,700 மீட்டருக்கு மேலதான்.

மாமா: அப்ப மலையேறினவனுக்கு மாடிப்படி காட்டறீங்க. தொடக்க ஆட்டத்துல மெக்சிகோ இதுவரைக்கும் எப்படி?

மாப்பிள்ளை: 1930-லயே ஆடியிருக்காங்க மாமா! முதல் உலகக் கோப்பை, முதல் நாள். எவ்வளவு பெருமை!

மாமா: பெருமை இருக்கட்டும். எத்தனை?

மாப்பிள்ளை: பிரான்ஸ்கிட்ட 4-1 தோல்வி. 1950-ல பிரேசில்கிட்ட 4-0. 1958-ல ஸ்வீடன்கிட்ட 3-0. 1970 சொல்லிட்டேன். 2010-ல டிரா, 1-1.

மாமா: யாரோட?

மாப்பிள்ளை: ...தென்னாப்பிரிக்காவோட. அதே ஜூன் 11. அங்க போய் ஆடினாங்க. ஷபலாலான்னு ஒருத்தன் இடது கால்ல மேல் மூலையில சொருகினான் பாருங்க! அப்புறம் மெக்சிகோவுக்கு ரஃபேல் மார்க்கெஸ் சமன் பண்ணினாரு. கடைசி நிமிஷத்துல தென்னாப்பிரிக்கா அடிச்ச பந்து போஸ்ட்ல பட்டு வந்துடுச்சு.

மாமா: நல்லவேளை, அந்த போஸ்ட் பிளக்கல. இந்த ஸ்டேடியத்துல வேற யாராவது தொடக்க ஆட்டம் ஜெயிச்சிருக்காங்களா?

மாப்பிள்ளை: 1986-ல இத்தாலியும் பல்கேரியாவும் இங்கதான் ஆடினாங்க. 1-1. அதுவும் 1970-ம்தான் இங்க நடந்த தொடக்க ஆட்டங்க.

மாமா: ஆக, அந்த கிரவுண்டுல ஆரம்பிச்சு வெச்சவன் எவனும் ஜெயிச்சதில்ல. மெக்சிகோவும் ஆரம்பத்துல ஜெயிச்சதில்ல. நீங்க 2-0ங்கறீங்க. எதை வெச்சு?

மாப்பிள்ளை: ஒரு மனசுதான் மாமா.

மாமா: தென்னாப்பிரிக்கா ஆளுங்க நேர்மையானவங்களா?

மாப்பிள்ளை: நேர்மைதான். கவனம்தான் கொஞ்சம் கம்மி. தகுதிச் சுற்றுல மஞ்சள் அட்டை சேந்துபோய், மொகோயெனாங்கற ஆள் ஒரு மேட்ச் உக்காரணும். மறந்துபோய் இறக்கிட்டாங்க. லெசோத்தோவை 2-0னு ஜெயிச்சாங்க. அப்புறம் ஃபிஃபா அதை 3-0 தோல்வின்னு மாத்தி, மூணு பாயின்ட்டையும் பிடுங்கிட்டாங்க.

மாமா: (இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு) ரெஜிஸ்டர் பாக்கலையா? ஒரு ரெஜிஸ்டர்! ஒரு கோடு போட்டு, பேர் எழுதி, எதிர்ல ஒரு டிக்! எவ்வளவு நேரம் ஆகும்?

மாப்பிள்ளை: அப்படியும் நைஜீரியாவைப் பின்னுக்குத் தள்ளிட்டு குரூப்ல முதல்ல வந்துட்டாங்க மாமா.

மாமா: திறமைசாலிங்கதான். ஆபீஸ் சரியில்ல. கோச் யாரு?

மாப்பிள்ளை: ஹ்யூகோ ப்ரூஸ். பெல்ஜியம்காரர், 74 வயசு. இந்த உலகக் கோப்பையோட ரிட்டயர் ஆகறேன்னு சொல்லிட்டாரு.

மாமா: எழுபத்து நாலா? (கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்கிறார்.) எதிர்ல?

மாப்பிள்ளை: ஹவியர் அகிர்ரே, 67. 2010-லயும் மெக்சிகோவுக்கு அவர்தான் கோச். அன்னிக்கு கோல் போட்ட மார்க்கெஸ் இப்ப அவருக்கு உதவி கோச். இன்னொண்ணு மாமா, 1986 உலகக் கோப்பையில அகிர்ரே மெக்சிகோ டீம்ல, ப்ரூஸ் பெல்ஜியம் டீம்ல. ரெண்டு டீமும் இதே அஸ்டெகால மோதி, மெக்சிகோ 2-1 ஜெயிச்சது.

மாமா: நாப்பது வருஷம்! அந்த மனுஷன் நாப்பது வருஷமா மனசுல வெச்சிருந்திருக்கான் மாப்பிள்ளை! ரிட்டயர்மென்ட்டுக்கு ஒரு மாசம் முன்னாடி அதே இடத்துக்கு வர்றான். இவனைப் போய் 2-0ங்கறீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?

மாப்பிள்ளை: அப்ப உங்க கணிப்பு?

மாமா: தென்னாப்பிரிக்கா ஒண்ணு, மெக்சிகோ சைபர். அதுவும் சேம் சைடு கோல். நான் இங்கயேதான் படுத்துப்பேன், கட்டிலை மட்டும் கொஞ்சம் டிவி பக்கமா நகர்த்துங்க. நீங்க அந்த ஓரமா உக்காந்துக்கங்க, கத்தக் கூடாது.

மாப்பிள்ளை: ரொம்ப நன்றி மாமா.

(மாமா போனை எடுத்து, பழைய ஆபீஸ் நண்பரை அழைக்கிறார்.)

மாமா: டேய், தூங்கிட்டியா? எழுந்திரு. பதினொண்ணாம் தேதி மெக்சிகோ மேட்ச் இருக்கு, மறந்துடாத. அஸ்டெகால தொடக்க ஆட்டத்தை எவனும் ஜெயிச்சதில்லடா... ஆமா, எழுபதுலேர்ந்து நான் கவனிச்சுக்கிட்டேதானே வர்றேன்... மாப்பிள்ளையா? இருக்காரு, பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. நல்ல பையன். ஃபுட்பால்தான் அவ்வளவா தெரியாது, 2-0ங்கறாரு.