கார் எங்க நிக்கும், மாப்ள?

எலக்ட்ரிக் கார் வாங்கி இரண்டே கால் வருடம் ஆகிறது. 38,000 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று. அதனால் சொந்தக்காரர்கள் மத்தியில் இந்த விஷயத்துக்கு நான்தான் ஆஸ்தான வித்வான். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் "பேட்டரி மாத்த எவ்ளோ ஆகும்?" என்று ஆரம்பிக்கிறார். ரசம் வருவதற்குள் "மழையில ஷாக் அடிக்காதா?" வந்துவிடும்.

போன மாதம் தங்கை வீட்டுக்காரர் கேட்டார். "மச்சான், நானும் ஒன்னு புக் பண்ணிடட்டுமா? ஆஃபர் போட்டிருக்கான்."

"கார் எங்க நிக்கும், மாப்ள?" என்றேன்.

மடிப்பாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். மூன்றாவது மாடி. கீழே தூணை ஒட்டி ஒரு பார்க்கிங் உண்டு. முன்னால் நிற்பவர் வண்டியை எடுத்தால்தான் இவர் வண்டி வெளியே வரும். பிளக் பாயிண்ட் கிடையாது. "அதெல்லாம் பாத்துக்கலாம் மச்சான், இப்பதான் எங்க பாத்தாலும் சார்ஜிங் ஸ்டேஷன் இருக்கே" என்றார். அன்றைக்கு அவரிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். இதே கேள்வியோடு இன்பாக்ஸில் நாலு பேர் காத்திருக்கிறார்கள்.

முதலில் என் கணக்கு. குரோம்பேட்டையில் அப்பா கட்டிய தனி வீடு, ஒரகடத்தில் வேலை. போக வர அறுபது கிலோமீட்டருக்கு மேல். மாதம் 1,400 வரை ஓடும். பழைய பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 16 கொடுத்தது. சென்னையில் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டி வருடக்கணக்காகிறது. கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய்க்கு மேல், மாதம் எட்டாயிரத்து எண்ணூறு.

எலக்ட்ரிக் வண்டி, சுவரில் எடுக்கிற ஒரு யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் தருகிறது. ஷோரூமில் ஐந்து ரூபாய், ஆறு ரூபாய் என்று ஒரே ரேட் போட்டுக் கணக்குக் காட்டுவார்கள். அந்தப் பையனுக்கு நம்ம ஈபி பற்றித் தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்லமாட்டான். இங்கே ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, நூறு யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக ஏறும் ஸ்லாப். 500-க்குள் நின்றால் தப்பித்தோம். 501 வந்துவிட்டால் கீழ்ப்படியில் கிடைத்த சலுகை ரேட்டும் போய்விடும், மேலே ஓடுவது யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல். 600 தாண்டினால் ஒன்பதுக்கு மேல், 800 தாண்டினால் பத்துக்கு மேல்.

கார் வருவதற்கு முன் எங்கள் வீட்டு ரீடிங் 400 பக்கம் நிற்கும், பில் ஆயிரத்து இருநூறு சொச்சம். இப்போது 830. பில் ஐயாயிரத்தைத் தொடுகிறது. முதல் பில் வந்த அன்று அம்மா ஈபி கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்குப் பெட்ரோலே போட்டிருக்கலாமேடா" என்றாள். உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். காருக்காகக் கூடுதலாகப் போவது இரண்டு மாதத்துக்கு மூவாயிரத்துத் தொள்ளாயிரம். அதே தூரத்துக்குப் பெட்ரோல் போட்டிருந்தால் பதினேழாயிரத்துச் சொச்சம். கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்கும் குறைவு. மாதம் ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய் மிச்சம். ஆயில் சர்வீஸ் இல்லாததால் மிஞ்சுவது தனி.

வாங்கும்போது, அதே அளவு பெட்ரோல் வண்டியைவிட ஆன் ரோடு நாலு லட்சம் அதிகம் கொடுத்தேன். ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், ரோட் டாக்ஸ் கிடையாது, அப்படியும் நாலு லட்சம். அதை எடுக்க எனக்கு ஐந்து வருடம் ஆகும். பேட்டரி வாரண்டி எட்டு வருடம். ஆக எனக்கு லாபம்தான், சந்தேகமில்லை. இன்றைக்கு வாங்குகிறவருக்கு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. எலக்ட்ரிக்குக்கு அதே 5. இரண்டுக்கும் விலை வித்தியாசம் அகன்றுவிட்டது.

இப்போது மாப்பிள்ளை கணக்கு. அவர் வேலை கிண்டியில், மெட்ரோவில் போகிறார். வண்டி மாதம் 600 ஓடினால் அதிகம். வீட்டில் சார்ஜ் இல்லாததால் வெளியேதான் போட வேண்டும். வெளியே ஃபாஸ்ட் சார்ஜர் யூனிட் 20 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் ஆகிவிடும். மாத மிச்சம் ஆயிரத்து எழுநூறு. நாலு லட்சத்தை எடுக்க கிட்டத்தட்ட இருபது வருடம். அவர் மகள் இப்போது யூகேஜி. அவளுக்குக் கல்யாணம் பேசும் வயது வந்துவிடும்.

சொந்த வீடு இருக்கட்டும், அங்கேயும் உடனே செருகிவிட முடிந்ததா? வண்டி வந்த அன்று ராத்திரி, கூடத்திலிருந்து ஒயர் இழுத்து 15 ஆம்பியர் பாயிண்டில் மாட்டினேன். சார்ஜர் பெட்டியில் சிவப்பு லைட். வண்டிதான் கோளாறு என்று மறுநாள் காலை கத்துவதற்குத் தயாரானேன். தெரு முனை எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எர்த்தே இல்ல சார். பேருக்கு ஒயர் விட்டிருக்காங்க. முப்பது வருசமா இப்படித்தான் இருந்திருக்கீங்க." அப்புறம் தென்னை மரத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, மீட்டரிலிருந்து தனி ஒயர் இழுத்தோம். மே மாதம் மண் காய்ந்தால் மறுபடி சிவப்பு விளக்கு எட்டிப் பார்க்கும். இப்போது அம்மா காலையில் துளசிக்கு ஊற்றுகிற கையோடு எர்த் குழிக்கும் ஒரு சொம்பு ஊற்றிவிடுகிறாள். எந்த யூடியூப் ரிவ்யூவிலும் இதைச் சொல்லக் காணோம்.

ரேஞ்ச் பற்றி ஒரு வரி போதும். கம்பெனி 300-க்கு மேல் என்றது, எனக்குக் கிடைப்பது 200. ஒரகடம் போய்வர அது தாராளம், ராத்திரி நாலு மணி நேரம் செருகினால் தீர்ந்தது.

வெளியூர்தான் பிரச்சினை. திருச்சியில் மாமனார் வீடு, 310 கிலோமீட்டர். முன்பு செங்கல்பட்டில் ஒரு காபி, உளுந்தூர்பேட்டையில் டிபன், நாலே முக்கால் மணி நேரம். போன பொங்கலுக்குப் போனபோது விக்கிரவாண்டி தாண்டி ஒரு ஓட்டலில் சார்ஜர். ஆப்பில் இரண்டு கன்னும் (காரில் செருகுகிற முனை) காலி என்று பச்சையாகக் காட்டியது. போனால் ஒன்று செத்துக் கிடக்கிறது. இன்னொன்றில் ஒருவர் மாட்டிவிட்டு உள்ளே பரோட்டா சாப்பிடுகிறார். எனக்கு முன்னால் ஒரு கால் டாக்சி. அந்த கம்பெனிக்குத் தனி ஆப், அதன் வாலட்டில் முன்கூட்டியே காசு ஏற்ற வேண்டும். என் போனில் இப்படி ஆறு ஆப், ஆறிலும் நூறு இருநூறு என்று என் பணம் தூங்குகிறது.

டாக்சி அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தேன். வண்டி ஒன்றேகால் லட்சம் ஓடிவிட்டது, பேட்டரியில் குறை இல்லை என்றார். "சிட்டிக்குள்ள தங்கம் சார். ராத்திரி யார்டுல போட்டுடுவோம். இந்த மாதிரி அவுட் ஸ்டேஷன் வந்தாத்தான். நிக்கிற நேரம் எனக்கு நஷ்டம். கஸ்டமர் மூஞ்சியப் பாருங்க." பின் சீட்டில் ஒரு பெரியவர் என்னையும் சேர்த்து முறைத்துக்கொண்டிருந்தார். நான் அங்கிருந்து கிளம்ப இரண்டே கால் மணி நேரம். திருச்சியில் போய் இறங்கினபோது மாமியார் இலையை எடுத்து வைத்துவிட்டார்கள்.

ஆனால் வருடத்தில் நான் திருச்சி போவது நாலு தடவை. மிச்ச முந்நூற்றுச் சொச்ச நாள் ஒரகடம். அதனால் திருச்சிக்காக இந்த வண்டியைக் குறை சொல்லமாட்டேன். அந்த நாலு தடவைக்கு ரயில் இருக்கிறது.

என் கோபம் வேறு இடத்தில். அஞ்சு சதவீத ஜிஎஸ்டி, ரோட் டாக்ஸ் விலக்கு, இவை எல்லாம் யாருக்குப் போயின? சொந்த வீடும், வாசலில் இடமும், பேரில் மீட்டரும் உள்ள என்னைப் போன்றவர்களுக்கு. மாடியில் வாடகைக்கு இருப்பவர் முழு வரியோடு பெட்ரோல் போட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டு இணைப்பிலேயே காரைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை 2022-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. மூன்றாவது மாடி மீட்டரிலிருந்து தூணுக்குக் கேபிள் இறக்க யார் சம்மதம் வேண்டும், தூண் யாருடையது, அசோசியேஷன் மறுத்தால் எங்கே போவது? மாப்பிள்ளை கேட்டுப் பார்த்தார். ஹவுஸ் ஓனர் "அசோசியேஷன்ல கேளுங்க" என்றார். செக்ரட்டரி "ஓனரைக் கூட்டிட்டு வாங்க" என்றார். ஓனர் இருப்பது நியூ ஜெர்சியில்.

செக்ரட்டரி மேல் எனக்கு வருத்தமில்லை. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து அப்பாவும் மகளும் செத்துப்போனதை அவர் மறக்கவில்லை. சரியான எர்த், தனி பிரேக்கர், திறந்த இடம் எல்லாம் இருந்தால் ஆபத்து குறைவு என்று சொல்லிப் பார்த்தேன். "சார், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றீங்களா?" என்றார். நானும் போடவில்லை. அரசு ஒரு ஆளை அனுப்பிப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தால், அவர் எதற்கு என் கையெழுத்தைக் கேட்கப் போகிறார்? கார் வாங்குகிறவனுக்குக் கொடுத்த வரிச் சலுகையில் கால்வாசியை அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் மீட்டரோடு பாயிண்ட் வைக்கச் செலவழித்திருந்தால் மடிப்பாக்கத்தில் பாதிப் பேர் இந்நேரம் மாறியிருப்பார்கள்.

மாப்பிள்ளை கார் புக் பண்ணவில்லை. பழைய வண்டியையே வைத்துக்கொண்டு, தங்கைக்கு ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் எடுத்திருக்கிறார். அவளுக்குப் பள்ளிக்கூட வேலை, தினம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஞாயிறு தவறாமல் இருவரும் குரோம்பேட்டை வந்துவிடுகிறார்கள். பாசம் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். நேற்று "அண்ணா, அந்தப் பிளக்கக் கொஞ்சம் ஃப்ரீ பண்ணு" என்று என் காரைக் கழற்றிவிட்டு அவள் ஸ்கூட்டரைச் செருகினாள். தடவைக்கு மூன்று யூனிட். எல்லாம் என் 800-க்கு மேல் ஸ்லாபில்தான் போய் ஏறுகிறது. கூடப் பிறந்தவளிடம் காசு கேட்க முடியுமா?