முப்பது வருஷ சாக்பீஸ்

நீடாமங்கலம் ஆசிரியர் கூட்டத்தில், புது ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் சீனியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி வேண்டும் என்று நான் கேட்டபோது என்ன நடந்தது என்று இந்நேரம் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ஆடியோ வேறு குரூப் குரூப்பாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் முழுக்கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. "முப்பது வருஷமா சாக்பீஸ் தூள் தின்னவனுக்கு மூணு நாள் பயிற்சியா டீச்சர்?" என்று அந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கேட்டதும், மொத்த ஹாலும் சிரித்ததும் அதில் நன்றாகவே கேட்கிறது. அதற்கு முன்னால் நான் பேசியது மட்டும் அந்த ஆடியோவில் இல்லை. யாரோ வெட்டியிருக்கிறார்கள். இருக்கட்டும், இங்கே எழுதிக்கொள்கிறேன்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். புதிதாக வேலைக்கு வருகிற ஆசிரியருக்கு வழிகாட்டி என்று ஒரு சீனியரைக் கைகாட்டி விடுகிறோம். வழிகாட்டுவது எப்படி என்று அந்த சீனியருக்கு யாராவது சொல்லிக்கொடுத்தோமா? பாடம் நடத்துவது ஒரு வேலை. இன்னொருவர் பாடம் நடத்தும்போது குறுக்கே போகாமல் பார்ப்பது, பார்த்ததை அவர் மனம் உடையாமல் எடுத்துச் சொல்வது முற்றிலும் வேறு வேலை. முதல் வேலை தெரிந்தவருக்கு இரண்டாவது தானாக வந்துவிடாது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

புதிதாக வருகிற பிள்ளை எத்தனை வாசல் தாண்டி வருகிறது என்று பாருங்கள். பி.எட். 2015லிருந்து இரண்டு வருஷப் படிப்பு. அதில் 20 வாரம் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். அப்புறம் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு, அதற்கும் அப்புறம் நியமனத் தேர்வு. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது நமக்கெல்லாம் மனப்பாடம். டெட் இல்லாமல் முன்பே வேலைக்கு வந்து எட்டாம் வகுப்பு வரை எடுப்பவர்களில், ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருஷத்துக்குள் டெட் தேற வேண்டும். நாற்பத்தைந்து வயதில் மறுபடி வழிகாட்டிப் புத்தகம் வாங்கி, பிள்ளைகள் தூங்கிய பிறகு படித்துக்கொண்டிருக்கிற டீச்சர்கள் இதைப் படிக்கிற உங்களிலேயே இருக்கிறீர்கள். ஆசிரியராக இருக்க இத்தனை தகுதி. அந்த ஆசிரியரை உருவாக்குகிறவருக்கு என்ன தகுதி? சர்வீஸ் அதிகம். இல்லாவிட்டால் பீரியட் குறைவு. இல்லாவிட்டால் தலைமையாசிரியர் அறைக்கு அடிக்கடி போய்வருகிறவர். அவ்வளவுதான்.

என் கதையைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் சேர்ந்தது திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு நடுநிலைப் பள்ளி. எனக்கு வழிகாட்டி என்று ஒரு கணக்கு சாரைச் சொன்னார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் ஒன்றியத்தில் கணக்கில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒரு நாள் ஆறாம் வகுப்பில் பின்னக் கூட்டல். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். ஒரு சின்னப் பெண் எழுந்து ஐந்தில் இரண்டு என்றாள். மேலே இருக்கிறதை மேலே, கீழே இருக்கிறதைக் கீழே கூட்டியிருக்கிறாள். எல்லாப் பிள்ளையும் செய்வதுதான். "எப்படிக் கண்ணு வந்துச்சு, சொல்லு" என்று நான் கேட்க, அவள் விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற சார் உள்ளே வந்தார். என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினார். போர்டைத் துடைத்தார். "மீ.சி.ம. எடுத்தாத் தீர்ந்துச்சு, இதுக்குப் போய்க் கதை கேட்டுக்கிட்டு" என்று நாலே வரியில் போட்டு முடித்துவிட்டு, சாக்பீஸைத் திருப்பி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

வகுப்பே சிரித்தது. அதுகூடப் பரவாயில்லை. மறுநாளிலிருந்து நான் கேள்வி கேட்டால் பிள்ளைகள் என்னைப் பார்ப்பதில்லை, வாசலைப் பார்த்தார்கள்.

அவர் கெட்டவரா? இல்லை. எனக்கு உதவி செய்ததாகத்தான் நினைத்தார். ஒரு வாசலில் வாயை மூடிக்கொண்டு நிற்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் காலத்தில் அவருக்கும் இதேதான் நடந்திருக்கும்.

அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்த ஒரு டீச்சரம்மா இருந்தார். அவரை யாரும் எனக்கு வழிகாட்டியாகப் போடவில்லை. "நான் வந்து உக்காரட்டுமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு நாற்பது பக்க நோட்டு. ஸ்கேல் வைத்து நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் நான் என்ன சொன்னேன், வலப்பக்கம் பிள்ளைகள் என்ன செய்தார்கள். ஒரு பீரியட் முழுக்க வாய் திறக்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நோட்டைக் காட்டவும் இல்லை. முதலில் கேட்டது, "இன்னிக்கு வாயே திறக்காத பிள்ளை யாருன்னு நெனைக்கிறீங்க?" யோசித்து மூன்று பேர் சொன்னேன். அப்புறம்தான் நோட்டைத் திறந்தார். நோட்டின் வலப்பக்கத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நாலு பேரின் பெயர் வரவே இல்லை. நான் ஒரு பக்கமாகவே திரும்பி நின்று பாடம் எடுத்திருக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

உடனே ஒருவர் வந்து, "பாத்தீங்களா, அந்தம்மாவுக்கு யார் பயிற்சி குடுத்தா, அது பிறவிக்குணம்" என்பார். இல்லை சார். செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்த காலத்தில் அவரைக் கருத்தாளராக, அதாவது மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவராக அனுப்பினார்கள். பள்ளி பள்ளியாகப் போய் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. அந்த நோட்டும் கோடும் அங்கே கற்றுக்கொண்டது. அவரே சொன்னார்.

"அனுபவமே பெரிய ஆசான்" என்று கூட்டத்தில் ஒருவர் முழங்கினாரே, அவருக்குத் தஞ்சாவூர் பக்கத்தில்தான் வீடு. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்று நாலு அண்ணன் தம்பிகள் பரதநாட்டியக் கச்சேரியை அலாரிப்பில் தொடங்கித் தில்லானா வரைக்கும் வரிசைப்படுத்திக் கொடுத்த ஊர் அது. அங்கே நன்றாக ஆடுகிறவர் எல்லாரையும் நட்டுவாங்கத்துக்கு, அதாவது தாளம் தட்டி ஆட்டத்தை நடத்துவதற்கு, உட்கார வைத்துவிடுவார்களா? தாளமும் சொற்கட்டும் தனியாகப் படித்துத்தான் வரவேண்டும். பரதத்தைச் சதிர் என்று சொன்ன காலத்தில் ஆடியவர்களுக்கு இருந்த தெளிவு பி.எட். படித்த நமக்கு இல்லை.

அடுத்து, "இதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டுக்கு." சரி, அங்கேயே போவோம். இங்கிலாந்தில் 2021 செப்டம்பரிலிருந்து புது ஆசிரியருக்கு இரண்டு வருஷத் துணை. முதல் வருஷம் கால அட்டவணையில் பத்து சதவீதம் குறைவு, இரண்டாம் வருஷம் ஐந்து சதவீதம். வழிகாட்டி ஒருவர், மதிப்பீடு செய்கிறவர் வேறொருவர். வழிகாட்டிகளுக்கும் பயிற்சி. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த இரண்டு ஆள் விஷயம். நம் பள்ளிகளில் வழிகாட்டியும் அவரே, தலைமையாசிரியரிடம் போய் "அந்தப் பொண்ணுக்கு கிளாஸ் கன்ட்ரோல் இல்ல சார்" என்று வத்தி வைக்கிறவரும் அவரே. அப்புறம் அந்தப் பெண் எப்படி வாயைத் திறந்து "எனக்கு இது வரலை" என்று சொல்லும்? வகுப்பில் பார்த்ததை ஸ்டாஃப் ரூமில் பேசாதே என்பதைக்கூட ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்ல வேண்டிய நிலையில்தான் நாம் இருக்கிறோம். மூன்று நாள் அதிகமாம்!

வெள்ளைக்காரன் வேண்டாம் என்றால் டெல்லிக்குப் போகலாம். 2020 தேசியக் கல்விக் கொள்கையோடு எனக்கு ஆயிரம் சண்டை இருக்கிறது, அதை இங்கே கொண்டுவந்து நுழைக்காதீர்கள். ஆனால் அதில் வழிகாட்டிகளுக்கென்று ஒரு தேசிய இயக்கம் சொல்லியிருக்கிறார்கள், 2022இல் 30 மத்தியப் பள்ளிகளில் சோதனையாகத் தொடங்கவும் செய்தார்கள். அதாவது இது நான் குளிக்கும்போது யோசித்துக் கண்டுபிடித்த விஷயம் இல்லை.

"இருக்கிற பயிற்சியே தாங்கலை, இன்னொண்ணா?" இந்தக் கேள்வி நியாயம். காலையில் ஒரு கையெழுத்து, நடுவில் ஸ்லைடு, நாலு மணிக்குப் போண்டா, போகும்போது ஒரு கையெழுத்து என்று நடத்தப்போகிறார்கள் என்றால் எனக்கும் வேண்டாம். ஆனால் பயிற்சி மோசமாக நடக்கிறது என்பதற்காகப் பயிற்சியே தேவையில்லை என்று கைதட்டுவது என்ன நியாயம்?

இன்னொன்று, இது பயிற்சி பற்றியது இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மயிலாடுதுறையிலிருந்து வேதாரண்யம் வரைக்கும் தனியார் பள்ளிகளில் டீச்சராகச் சேர்கிற பெண் பிள்ளைகளைப் பாருங்கள். வருகிற சம்பளத்தில் பஸ்ஸுக்குப் போக மீதம் என்ன என்று கேட்காதீர்கள். பாதி வருஷத்தில் நின்றுவிடுகிறார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுமை இல்லை" என்று நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அதில் ஒரு பெண் என்னிடம் சொன்னது, "வேலை கஷ்டமில்லை மேடம், ஜன்னல்ல நின்னு பாத்துட்டு எதுவும் சொல்லாமப் போயிடுவாங்க, அன்னிக்கு முழுக்க வயித்தக் கலக்கும்." அந்த ஜன்னலில் நின்றவர்தான் அவளுடைய வழிகாட்டி.

கூட்டம் முடிந்ததிலிருந்து இன்பாக்ஸ் நிறைகிறது. "கரெக்டா சொன்னீங்க டீச்சர்", "உங்க தைரியம் யாருக்கு வரும் அக்கா." ரொம்ப நன்றி. ஹாலில் உங்கள் வாய் எங்கே போயிருந்தது? முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தவர்களில் இரண்டு பேர் டெட்டுக்கு என் வீட்டுத் திண்ணையில் கணக்குப் படித்தவர்கள். யாரென்று அவர்களுக்குத் தெரியும். இதையே ஒரு சார் எழுந்து கேட்டிருந்தால் "விவாதிக்க வேண்டிய கருத்து" என்று தீர்மானத்தில் ஏறியிருக்கும். நான் கேட்டதால் "டீச்சருக்கு ஏதோ கோபம்." ஆமாம், கோபம்தான்.

"பெரியவரை இப்படிப் பேசலாமா?" என்று ஒரு தம்பி உரிமையோடு கண்டித்திருக்கிறார். அந்தத் தலைமையாசிரியரின் பெயரை நான் எங்கும் சொல்லவில்லை தம்பி, சொல்லவும் மாட்டேன். அவர் வகுப்பில் படித்தவர்கள் இன்றைக்கும் அவர் காலில் விழுகிறார்கள், விழட்டும். நான் பேசுவது அவர் மாணவர்களைப் பற்றி இல்லை, அவருக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தவர்களைப் பற்றி. அவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

அடுத்த கூட்டம் மன்னார்குடியில் என்கிறார்கள். அதே மூன்று நாள் பயிற்சிக்கான தாளை எடுத்துக்கொண்டு வருவேன். அதில் ஒரு நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பது மட்டும், அதை யாரும் வெட்டச் சொல்லக் கூடாது, மற்றதைப் பேசிக்கொள்ளலாம். கீழே சிரிப்பு இமோஜி போடப்போகிறவர்கள் ஒன்றை மட்டும் எழுதிவிட்டுப் போடுங்கள்: உங்கள் பள்ளியில் இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவரின் வகுப்பில், அவரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு முழுப் பீரியட் வாய் திறக்காமல் உட்கார்ந்தது எப்போது?