டைவ் கம்ப்யூட்டரை உங்கள் கண்ணுக்குப் பார்த்து வாங்குங்கள்

அக்கா மகன் போன வாரம் போன் பண்ணினான். அக்டோபரில் புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் என்கிற ஆரம்ப ஸ்கூபா கோர்ஸ் முடித்துவிட்டான். ஜனவரியில் அந்தமானில் இருக்கும் ஹேவ்லாக் தீவுக்குப் போகிறான். "மாமா, டைவ் கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கணும். வாட்ச் மாதிரி இருக்கிறதை வாங்கவா, பெட்டி மாதிரி இருக்கிறதை வாங்கவா?" என்று கேட்டான். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டும் கருவி அது. இதே கேள்வியை இந்த வருடம் இன்னும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எல்லாருமே அல்காரிதம் (உள்ளே கணக்குப் போடும் முறை) பற்றி விசாரித்தார்கள், ப்ளூடூத் பற்றி விசாரித்தார்கள். எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால் அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

முப்பது மீட்டர் ஆழத்தில், கலங்கல் தண்ணீரில், ஒரே பார்வையில் உங்களால் படிக்க முடிகிற திரைதான் முதல் தகுதி. என் கணக்கில் மற்ற எல்லாமே அதற்குப் பிறகுதான்.

ஸ்கூபா பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம். ஆழத்தில் அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்துகொண்டே போகும். அளவுக்கு மீறிக் கரைந்தபின் சட்டென்று மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள் குமிழ்கள் கிளம்பும். மூட்டுவலியில் தொடங்கி முதுகுத்தண்டு பாதிப்பு வரை போகலாம். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதற்கு முதலில் ஒழுங்கான கணக்குப் போட்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். ஆடுகளை அழுத்த அறைக்குள் வைத்துச் சோதித்து, 1908-இல் அட்டவணை வெளியிட்டார். பாடி (PADI) என்கிற ஸ்கூபா பயிற்சி நிறுவனத்தின் இன்றைய அட்டவணைப்படி 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம், 40 மீட்டரில் வெறும் 9 நிமிடம். கையில் கட்டுகிற கம்ப்யூட்டர் இந்தக் கணக்கைச் சில விநாடிக்கு ஒருமுறை, நீங்கள் உண்மையில் எந்த ஆழத்தில் இருக்கிறீர்களோ அதற்கேற்பப் போட்டுக்கொண்டே இருக்கிறது. மேலேறினால், அந்த ஆழத்தில் இன்னும் இருக்கக்கூடிய மீதி நேரம் கூடும், இறங்கினால் குறையும். அட்டவணையோ நீங்கள் போன அதிகபட்ச ஆழத்திலேயே முழு நேரமும் இருந்ததாக வைத்துக்கொள்ளும்.

சரி, திரைக்கு வருகிறேன். எனக்கு நாற்பத்தேழு வயதில் வெள்ளெழுத்து வந்தது. தரையில் செய்தித்தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் படித்துவிடலாம். தண்ணீருக்குள் அந்த வித்தை பாதிதான் பலிக்கிறது. மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது எல்லாமே இருக்கும் தூரத்தில் முக்கால் தூரத்தில் இருப்பது போலத் தெரியும். கையை 40 செ.மீ. தள்ளி நீட்டினாலும் கண்ணுக்கு அது 30 செ.மீ. எழுத்து கொஞ்சம் பெரிதாகத் தெரியும், ஆனால் மங்கும். அழகான வாட்ச் மாடல் ஒன்றைக் கட்டிக்கொண்டு நான் போன முதல் ஆழ டைவில், மீதி நேரம் 8 நிமிடமா 3 நிமிடமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கையை நீட்டி, மடக்கி, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் என்னை அறியாமல் இரண்டு மீட்டர் இறங்கியிருந்தேன். அந்த நிமிடத்திலிருந்து திரை அளவுதான் என் முதல் கேள்வி.

நாற்பது தாண்டியவர்கள் இதைத் தயவுசெய்து அலட்சியப்படுத்த வேண்டாம். மாஸ்க் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டிக்கொள்கிற சின்ன லென்ஸ் கிடைக்கிறது, அதுவும் நல்ல வழிதான். இளவயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆழத்தில் தலை மந்தமாகும் நேரம் உண்டு. அப்போது கண் தெளிவாக இருந்தாலும் மூளை மெதுவாகத்தான் படிக்கும். திரையில் பன்னிரண்டு எண்கள் இருந்தால் வேண்டிய எண்ணைத் தேட வேண்டியிருக்கும். ஆழம், ஓடிய நேரம், மீதி நேரம் என்று மூன்று எண்கள் பெரிதாக, எப்போதும் ஒரே இடத்தில் இருந்தால் தேட வேண்டியதில்லை.

இந்தக் கண்ணோடு பார்த்தால் விலை குறைந்த சில மாடல்கள் உண்மையில் நல்லவை. கிரெஸ்ஸி லியோனார்டோவில் எண்கள் பெரியவை, ஒரே ஒரு பட்டன். சூன்டோ சூப் நோவோ பார்க்கக் கொழுக்கட்டை மாதிரி இருக்கும், ஆனால் எழுத்து கணீரென்று இருக்கும். இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் ஷியர்வாட்டர் பெரெக்ரின். 2.2 அங்குலக் கலர் திரை, இரண்டே பட்டன், மெனு எளிது. தானே ஒளிரும் கலர் திரையில் இன்னொரு நன்மை உண்டு. ஆழத்தில் சிவப்பு நிறம் சூரிய ஒளியிலிருந்துதான் காணாமல் போகிறது. உங்கள் கையில் ஒளிரும் சிவப்பு எச்சரிக்கை அரை மீட்டர் தண்ணீரைத் தாண்டி வந்தால் போதும், சிவப்பாகவே தெரியும். புதுச்சேரியில் கலங்கலான நாளில் டைவ் செய்திருப்பவர்களுக்கு இதன் அருமை புரியும்.

வாங்கவே வேண்டுமா, வாடகைக்கு எடுத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு என் அனுபவம் ஒன்று. அந்தமானில் ஒருமுறை கடையில் வாடகைக் கம்ப்யூட்டர் தந்தார்கள். படகில் உட்கார்ந்து பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்தபோது ஓரத்தில் 32 என்று ஒரு சின்ன எண் கண்ணில் பட்டது. முந்தைய ஆள் நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று, இங்கே 32 சதவீதம்) போட்டிருக்கிறார், அமைப்பை யாரும் மாற்றவில்லை. என் சிலிண்டரில் இருந்தது சாதாரணக் காற்று. அதாவது, நான் 79 சதவீத நைட்ரஜனைச் சுவாசிக்க, கம்ப்யூட்டர் 68 சதவீதம் என்று எண்ணிக்கொண்டிருக்கும். 30 மீட்டரில் 32 நைட்ராக்ஸ் சுவாசிப்பது, நைட்ரஜன் கணக்கில் ஏறக்குறைய 24 மீட்டரில் காற்று சுவாசிப்பதற்குச் சமம். அட்டவணையில் 30 மீட்டருக்கு 20 நிமிடம், 25 மீட்டருக்கு 29 நிமிடம். அந்த இல்லாத நிமிடங்களை அது எனக்குத் தாராளமாகக் காட்டியிருக்கும். இதைத் திருத்த இரண்டு பட்டன் தட்டினால் போதும். ஆனால் பழக்கமில்லாத கருவியில் எந்த இரண்டு என்று யாருக்குத் தெரியும்?

வாடகைக் கருவிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நேற்று அதைக் கட்டிக்கொண்டு டைவ் செய்தவர் வேறு ஒருவராக இருக்கலாம். அவர் உடம்பின் நைட்ரஜன் அதன் நினைவில் இருக்கும். நேற்று நீங்களும் வேறொரு கருவியோடு டைவ் செய்திருந்தால் உங்கள் உடம்பின் கணக்கு இதற்குத் தெரியவே தெரியாது. கருவி ஒருவருடைய கையிலேயே தொடர்ந்து இருந்தால்தான் அதன் கணக்குக்கு அர்த்தம். "கூட்டிப் போகிற டைவ் மாஸ்டர் கையில் இருக்கே, அவர் பார்த்துக்குவார்" என்பதையும் இதே காரணத்துக்காக நான் ஏற்பதில்லை. அவர் உங்களுக்கு மூன்று மீட்டர் மேலே நீந்திக்கொண்டிருப்பார். அவர் கையிலுள்ள கருவி காட்டுவது அவருடைய ஆழத்தின் கணக்கு.

இப்போது அல்காரிதம். பெரும்பாலான கருவிகளுக்குள் இருப்பது ஜூரிச்சில் ஆல்பர்ட் பூல்மான் உருவாக்கிய இசட்ஹெச்எல்-16 கணக்கு, அல்லது புரூஸ் வீன்கேயின் ஆர்ஜிபிஎம் வழியில் வந்த ஒன்று. பூல்மான் உடம்பைப் பதினாறு கற்பனைத் திசுக்களாகப் பிரித்தார். வேகமானது சில நிமிடத்தில் நைட்ரஜனால் பாதி நிரம்பும், மெதுவானதற்கு 635 நிமிடம். எது சிறந்தது என்று இணையத்தில் அடித்துக்கொள்கிறார்கள். நம்மைப் போல வருடத்துக்கு இரண்டு பயணம் போய், மேலே வரும் வழியில் சற்று நிற்கும் சேஃப்டி ஸ்டாப்பை ஒழுங்காக எடுக்கிறவர்களுக்கு அந்தச் சண்டையால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது என் உறுதியான கருத்து. தெரிய வேண்டியது, உங்கள் கருவி எவ்வளவு கெடுபிடி காட்டும் (அதாவது மீதி நேரத்தை எவ்வளவு குறைத்துச் சொல்லும்), அதைக் கூட்டுவது எப்படி என்பதுதான். சூப் நோவோவில் பி0, பி1, பி2 என்று இருக்கும், எண் கூடக் கூடக் கெடுபிடியும் கூடும். பெரெக்ரினில் 45/95, 40/85, 35/75 என்று மூன்று நிலைகள், கடைசியதுதான் மிகக் கெடுபிடி. எந்தக் கருவியும் உங்கள் ரத்தத்தை அளப்பதில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் அழுத்தமும் நேரமும்தான், சிலவற்றுக்கு தண்ணீரின் சூடும். நீங்கள் நேற்றிரவு தூங்கவில்லை, படகில் வாந்தி எடுத்து உடம்பு வறண்டு கிடக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அந்த நாட்களில் ஒரு படி கூட்டி வைக்க வேண்டியது நாம்தான்.

இது நடைமுறையில் எப்படி வரும் என்றால், ஹேவ்லாக் பக்கத்து டைவ் இடமான டிக்சன்ஸ் பின்னக்கிளில் மூன்றாவது நாள் என் கருவி 5 நிமிடம் மீதி என்றது, கூட வந்தவருடையது 13 காட்டியது. பக்கத்தில் பக்கத்தில்தான் நீந்தினோம். இரண்டுமே பழுதில்லாத கருவிகள், கணக்கு போடும் முறைதான் வேறு. இந்த மாதிரி நேரத்தில் குறைவாகக் காட்டுவதுதான் இருவருக்கும் சட்டம். இருவரும் ஏறினோம். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், நல்ல பாராகுடா கூட்டம் ஒன்று கீழே நின்றது.

அப்புறம் ஸ்மார்ட்வாட்ச். ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா 2022-இல் வந்தபோது இங்கே 89,900 ரூபாய். ஓஷானிக் பிளஸ் செயலியோடு 40 மீட்டர் வரை டைவ் கம்ப்யூட்டராக வேலை செய்யும், ஆனால் அந்தக் கணக்குக்குத் தனியாகச் சந்தா கட்ட வேண்டும். திரை அருமையானதுதான். கார்மின் டிசென்ட் வரிசையும் நன்றாகச் செய்யப்பட்டவை. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தாராளமாக இரண்டாவது கருவியாகக் கட்டிக்கொள்ளலாம். டைவுக்கென்றே வாங்கப் போகிறவர் அந்தப் பணத்தில் பாதிக்கு ஒரு நல்ல கம்ப்யூட்டர் வாங்கி, மீதியை டைவ் பயணத்துக்கே வைத்துக்கொள்ளட்டும் என்பேன்.

சிலிண்டர் அழுத்தத்தைக் கைக்கே அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் இப்போது வேண்டாம். முதல் ஐம்பது டைவுக்குக் குழாயில் தொங்கும் கேஜைப் பார்க்கும் பழக்கம் கைக்கு வரட்டும்.

பேட்டரி விஷயத்தில் கொஞ்சம் யோசியுங்கள். சி.ஆர். 2450 மாதிரியான காசு பேட்டரி போடும் கருவி என்றால், பயணத்துக்கு முன் வீட்டிலேயே மாற்றிவிடுங்கள். மூடியிலுள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி சிக்கினாலும் தண்ணீர் உள்ளே போய்விடும், நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். தீவில் போய்த் தேடிக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். சார்ஜ் செய்கிற வகை என்றால் தினமும் செருக வேண்டியிருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூரிலிருந்து மச்சான் வாங்கி வருகிறார் என்றால், அதற்கு இந்தியாவில் வாரன்டி செல்லுமா என்பதை அவர் பணம் கட்டும் முன் விசாரியுங்கள்.

இன்னொன்று, அளவுக்கு மீறி ஆழத்தில் இருந்துவிட்டால் ஏறும் வழியில் நிற்கச் சொல்லிக் கருவி விதிக்கும் கட்டாய ஸ்டாப்பை மதிக்காமல் மேலே வந்தால் பல கருவிகள் 24 அல்லது 48 மணி நேரம் பூட்டிக்கொள்ளும், ஆழமும் நேரமும் மட்டும் காட்டும். உங்கள் பயணமே அத்தோடு முடிந்த மாதிரிதான். வாங்கும்போதே கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். விமானத்தில் காற்றழுத்தம் குறைவதால் அதே குமிழ்ப் பிரச்சினை வரலாம், அதனால் எப்போது ஏறலாம் என்று காட்டும் கடிகாரமும் இருக்கும். பல நாள் தொடர்ந்து டைவ் செய்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறது டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க். ஹேவ்லாக்கில் காலை பதினோரு மணிக்குக் கடைசி டைவ் முடித்துப் படகேறினால், போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) மறுநாள் காலை ஏழு மணி சென்னை விமானத்துக்கு 20 மணி நேரம் ஆகிவிடும். மதியம் இன்னொரு டைவ் போகலாமே என்று ஆசை காட்டுவார்கள், போகாதீர்கள்.

இதில் நான் இவ்வளவு அழுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் வளர்ந்தது தூத்துக்குடி. எங்கள் தெருவில் சங்கு குளிக்கப் போகும் பெரியவர் ஒருவர் இருந்தார். சிறு வயதில் தம் கட்டிக் குளித்தவர், பிற்பாடு படகில் கம்ப்ரசர் வந்ததும் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்கினார். ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வார். ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய 1.8 மீட்டர். "பத்துப் பாகத்துல காலைல எறங்குனா மதியம் வரைக்கும் கெடப்போம் தம்பி" என்பார். பத்துப் பாகம் என்றால் 18 மீட்டர். மேலே எழுதினேனே, அந்த 56 நிமிடம், அதே ஆழம். ஐம்பது வயதில் அவரால் தோளைத் தூக்கிச் சட்டை மாட்ட முடியாது, இடது காலை இழுத்து நடப்பார். கடல் காற்று, வாதம் என்றுதான் வீட்டில் சொன்னார்கள். நான் ஸ்கூபா வகுப்பில் உட்கார்ந்து அந்த அட்டவணையை முதன்முதலில் பார்த்தபோது அவர் நடை கண்ணுக்குள் வந்துவிட்டது. இன்றும் நம் கடற்கரையில் கம்ப்ரசர் குழாயோடு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மணிக்கட்டில் இந்தக் கருவி இல்லை. கடைக்காரர்களும் மீன்வளத் துறையும் மனது வைத்தால், படகுக்கு ஒன்றாவது கொண்டுபோய்ச் சேர்க்க முடியும். அதைப் பற்றி யாராவது ஏதாவது செய்துகொண்டிருந்தால் கமென்ட்டில் எழுதுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

மருமகனிடம் கடைசியாக ஒன்று சொன்னேன். கடைக்கு மாஸ்க்கை எடுத்துக்கொண்டு போ. அதைப் போட்டுக்கொண்டு, கடையின் இருட்டான மூலையில் நின்று, கையை நீட்டி ஒவ்வொரு திரையையும் பார். ஒரு விநாடியில் மீதி நேரத்தைச் சொல்ல முடியவில்லை என்றால் கீழே வைத்துவிடு. நேற்று சாயங்காலம் அப்படித்தான் போய் நின்றிருக்கிறான். வாங்கியது சூப் நோவோ. ராத்திரி போன் பண்ணி, "மாமா, பி1-ல வைக்கவா?" என்று கேட்டான். முதல் பயணத்துக்கு அதையே வை என்றேன்.