ஆசிரியர் குறிப்பு கடைசியில் வரட்டும்

பாலாற்றங்கரையில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். போன வெள்ளிக்கிழமை ஒன்பதாம் வகுப்பில் நடந்ததை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அதோடு, பல வருடமாக மனதில் இருக்கும் ஒரு கருத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசி பீரியட். 'அகல் விளக்கு' நாவலை எடுத்து முதல் இரண்டு பக்கங்களைச் சத்தமாக வாசித்தேன். யார் எழுதியது, எந்த ஆண்டு, என்ன விருது, எதையும் சொல்லவில்லை. அந்த நாவல் பாலாற்றைப் பற்றிய பேச்சோடு தொடங்கும். மற்ற ஆறுகளைப் போல ஓடும் தண்ணீரால் பெருமை பெற்ற ஆறில்லை இது என்று கதை சொல்கிறவன் பேசிக்கொண்டே போவான். மூன்றாவது பெஞ்சில் இருந்து ஒரு பையன் எழுந்தான்.

"இது நம்ம பாலாறா மிஸ்?"

"நம்ம பாலாறுதான்."

"ஆத்துல தண்ணியே இல்லையே, அத வெச்சா கதை எழுதுனாங்க?"

பின்னால் இருந்து ஒரு பெண், "2021ல வந்துச்சே, மறந்துட்டியா?" என்றாள். அவ்வளவுதான். அந்த நவம்பர் வெள்ளத்தின்போது இவர்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகள். அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தது, கரையோரக் கொல்லையில் தண்ணீர் ஏறியது, பள்ளிக்கூடம் லீவு விட்டது என்று ஆளுக்கொரு கதை வந்தது. பாட்டி காலத்தில் மணலில் ஊற்று தோண்டிக் குடம் நிரப்பியதை ஒருத்தி சொன்னாள். பத்து நிமிடம் நான் வாயே திறக்கவில்லை. எல்லாம் அடங்கிய பிறகு முதலில் எழுந்த பையனே கேட்டான்: "யாரு மிஸ் இத எழுதுனது?"

அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இப்போது சொன்னேன். மு. வரதராசன், 1912இல் பிறந்தவர். வாலாஜாவுக்குப் பக்கத்தில் இருக்கும் வேலம்தான் ஊர். திருப்பத்தூரில் படித்து, அங்கேயே தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருந்தார். உடம்பு முடியாமல் அந்த வேலையை விட்டார். அப்புறம் அதே திருப்பத்தூரில் பள்ளித் தமிழாசிரியர் ஆனார். பின்னால் மதுரைப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தரானார். இந்த நாவலுக்கு 1961இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஒரு பிள்ளைகூடக் கொட்டாவி விடவில்லை. தாலுகா ஆபீஸ் வேலையை விட்டவர் என்றதும் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஒருவன் கவலையோடு கேட்டான்.

நான் பத்தாவது படித்தபோது இதே செய்திகளை மனப்பாடம் செய்திருக்கிறேன். 'மு.வ.வின் சொந்த ஊர் ______.' ஒரு மதிப்பெண். வேலம், வேலம் என்று ஐந்து முறை எழுதிப் பார்த்து, தேர்வில் நிரப்பி, மதிப்பெண்ணும் வாங்கினேன். என் பாட்டி ஊர் வாலாஜா பக்கம். வேலம் என்ற பெயரைப் பாட்டி வீட்டுத் திண்ணைப் பேச்சில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்த வேலமும் கோடிட்ட இடத்து வேலமும் ஒன்று என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்களுக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்த வருத்தம் எனக்குப் போகவில்லை. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் நம் ஆற்றைப் பற்றி நாவல் எழுதியிருக்கிறார், அது எனக்கு வெறும் ஒரு மதிப்பெண்ணாக வந்து போய்விட்டது.

நாம் எழுத்தாளரைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்வது கல்யாண ஜாதகம் கொடுப்பது போல இருக்கிறது. பிறந்த தேதி, ஊர், பெற்றோர், எழுதிய நூல்கள், வாங்கிய விருதுகள். பாடநூலில் நூலையும் எழுதியவரையும் பற்றிச் சொல்ல 'நூல்வெளி' என்று ஒரு கட்டம் வருகிறது. அந்தக் கட்டத்தின் மேல் எனக்குக் குறை இல்லை, நல்ல செய்திகளைத்தான் தருகிறார்கள். ஆனால் ஒரு மதிப்பெண் வினா அங்கிருந்துதான் வரும் என்று நாம்தான் அதை முதலில் பென்சிலால் கோடு போட வைக்கிறோம். படைப்பைத் தொடுவதற்கு முன்பே பிள்ளைக்கு அந்த ஆள் பரீட்சைக்கான ஆள் ஆகிவிடுகிறார். முதலில் ஒரு பக்கம் காதில் விழட்டும். யார் எழுதியது என்று பிள்ளை கேட்கட்டும். நூலாசிரியர் பற்றிய குறிப்பை அந்தக் கேள்விக்கு விடையாகச் சொல்வோம்.

இன்னொரு உதாரணம் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது. பத்தாம் வகுப்பில் மலைபடுகடாம் ஒரு பகுதி பாடமாக இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடிகள், பாடியவர் பெருங்கௌசிகனார், பாட்டுடைத் தலைவன் நன்னன். இதெல்லாம் எல்லாப் பிள்ளையும் ஒப்பிக்கும். நான் சில வருடம் கலசப்பாக்கம் பக்கம் வேலை பார்த்தேன். முன்பு அதுவும் வட ஆற்காடுதான். நன்னனின் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். பாட்டில் வரும் நவிரமலைதான் பருவதமலை என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். சேயாறு என்பது நம் செய்யாறு. என் வகுப்பு ஜன்னலில் இருந்து பார்த்தால் அந்த மலை தெரியும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அப்பா அம்மாவோடு அதில் ஏறி இறங்கும் பிள்ளைகள், அந்த மலையைப் பார்த்தபடியே 'நவிரமலை' என்று பொருள் தெரியாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு அடுத்த வருடம் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். பரிசு வாங்கி வந்த ஒரு கூத்தர், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறார். பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், பார்த்துப் போங்கள். தினைக்கொல்லையில் காவலுக்கு இருப்பவர்கள் கவண் கல் விடுவார்கள், மரத்தின் மறைவில் நடங்கள். இன்ன ஊரில் நன்னனின் கூத்தர்கள் என்று சொல்லுங்கள், சொந்தக்காரர் வந்ததுபோல் நெய்யில் வெந்த இறைச்சிப் பொரியலும் தினைச்சோறும் போடுவார்கள். இவ்வளவும் சொல்லி, "அந்த மலை எதுன்னு நினைக்கிறீங்க?" என்று ஜன்னல் பக்கம் கையைக் காட்டினேன். வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றுவிட்டது. கொல்லைக் காவலுக்குப் போன பிள்ளைகள் அந்த வகுப்பில் இருந்தார்கள். தெருக்கூத்து ஆடும் வீட்டுப் பையன் ஒருவனும் இருந்தான். தமிழில் நாற்பதைத் தாண்டாதவன். ஆனால் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் அர்ச்சுனன் தபசுப் பாட்டு முழுதும் அவனுக்கு மனப்பாடம். "கூத்தாடறவங்கள வெச்சு ராஜா காலத்துலயே பாட்டு எழுதியிருக்காங்களா மிஸ்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். மலைபடுகடாத்துக்குக் கூத்தராற்றுப்படை என்று இன்னொரு பெயர் உண்டு என்பதை அவனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

சண்டையில் செத்த வீரனுக்காக நடும் நடுகல்லும் அப்படித்தான். செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது, 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலம். எருமைகளைக் காக்கும் சண்டையில் செத்தவனோடு அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லிலேயே எழுதியிருக்கிறது. இதைச் சொன்ன பிறகு படைச்செருக்கு அதிகாரத்தில் 'கல்நின்றவர்' என்று வரும் குறளை எடுத்துப் பாருங்கள். புறநானூற்று நடுகல் பாடல்களை எடுத்துப் பாருங்கள். உரையே வேண்டாம், பிள்ளைகள் தாங்களே பொருள் சொல்வார்கள்.

உயிரோடு எழுதிக்கொண்டிருக்கிறவர்களையும் காட்ட வேண்டும். எழுத்தாளர் என்றாலே மாலை போட்ட படம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அழகிய பெரியவன் பேரணாம்பட்டுக்காரர். அவருடைய 'தகப்பன்கொடி' நிலத்தை இழந்த ஒரு தலித் குடும்பத்தின் கதை. அம்மா ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போய் வரும் வீட்டுப் பிள்ளைக்கு, தோல் ஷாப்பு வாடையும் ஷிஃப்ட் பஸ்ஸும் தெரிந்த பிள்ளைக்கு, இந்த எழுத்து எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். கவிக்கோ அப்துல் ரகுமான் மதுரையில் பிறந்தவர்தான், ஆனால் வருடக்கணக்கில் பாடம் நடத்தியது வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரியில். இன்றும் அங்கே அவரிடம் படித்தவர்களைப் பார்க்கலாம். வேலூர் மத்திய சிறையைப் பிள்ளைகள் தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிறார்கள். 1921, 22இல் அதற்குள் இருந்துகொண்டு ராஜாஜி நாட்குறிப்பு எழுதினார். இதையும் ஒரு வரி சொல்லலாம்.

உள்ளூர் எழுத்து மட்டும் போதுமா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். போதாது. நானும் அப்படிச் சொல்லவில்லை. பாலாற்றைப் புத்தகத்தில் பார்த்துவிட்ட பிள்ளைக்குக் கி. ராஜநாராயணனின் கரிசல் காடு தூரமாகத் தெரியாது என்பதுதான் என் அனுபவம். போன வருடம் டால்ஸ்டாய் கதை ஒன்றைச் சொன்னேன். சூரியன் மறைவதற்குள் எவ்வளவு நிலத்தைச் சுற்றி வருகிறாயோ அவ்வளவும் உனக்கு என்று சொல்லி ஓட விடுவார்களே, அந்தக் கதை. பெங்களூர் ஹைவே ஓரம் கொடி நட்டுப் பிளாட் போடுவதைத் தினமும் பார்க்கிற பிள்ளைகள் இவர்கள். கதையில் வரும் பாகோம் ஓட ஓட, வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. முடிவைக் கேட்டுவிட்டு, மறுநாள் "அந்த ரஷ்யாக்காரர் வேற இன்னா எழுதியிருக்காரு மிஸ்?" என்று வந்து நின்றார்கள்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பத்தாம் வகுப்புக்கு ஜூலையிலேயே ஸ்லிப் டெஸ்ட் ஆரம்பித்துவிடுகிறது. வாரத்துக்குப் பத்து நிமிடம் போதும், வெள்ளிக்கிழமை கடைசியில். நல்ல இடத்தில் நிறுத்திவிட வேண்டும், முடித்துவிடக் கூடாது. புத்தகத்தை மேசை மேல் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். பீரோவில் பூட்டாதீர்கள். தொலைந்தால் தொலையட்டும். நான் வைத்திருந்த மு.வ.வின் 'கள்ளோ காவியமோ' மூன்று வாரம் காணாமல் போய், அட்டையில் மஞ்சள் கறையோடு திரும்பி வந்தது. "அம்மா படிச்சிட்டிருந்தாங்க மிஸ், இன்னொண்ணு கேக்குறாங்க" என்றாள் அந்தப் பெண். மு.வ.வின் 'கரித்துண்டு' நாவலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

இந்தப் பக்கத்து நண்பர்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு, காட்பாடி, ஆரணி, போளூர், உங்கள் ஊரோ ஏரியோ மலையோ வரும் கதையோ பாட்டோ தெரிந்தால் பக்க எண்ணோடு எழுதுங்கள். இரண்டு பக்கம் இருந்தால் போதும். அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்கு வேண்டும்.